லாச்சியில் இல்லாத நிறம்

எசன் நகரிலிருந்து வந்த உறையைப் பிரித்ததும், அச்சகத்துக்காரர் வேறு யாருடைய கல்வெட்டையோ மாறி எங்களுக்கு அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அட்டையில் ஒரு பெண். அரக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் தாலிக்கொடி, அதற்கு மேலே கல் பதித்த அட்டியல், நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு. முகம் தேங்காய்ப்பால் விட்டது போல வெளுத்திருந்தது. படத்துக்குக் கீழே என் அம்மாவின் பெயர். பெயரை வாசித்த பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தேன். கண்கள் இரண்டும் அம்மாவுடையவை. வேறொன்றும் அம்மாவுடையதாக இல்லை.

அம்மா இறந்து அன்றைக்குப் பதினெட்டாம் நாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். அம்மாவுக்குத் துப்புரவு வேலை. நான் பல்கலைக்கழகத்தில் பழைய எகிப்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு வராது. சொல்லவும் விருப்பமில்லை.

கல்வெட்டு என்பது யாழ்ப்பாணத்து வழக்கம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், இறந்தவரின் வரலாறு, கணவன் புலம்பல், மக்கள் புலம்பல் என்று செய்யுள்கள். கடதாசியில் அடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. ஊரில் அது பெரிய வீட்டுக்காரரின் காரியம். எங்கள் ஆட்களுக்கு யாரும் கல்வெட்டு அடித்ததில்லை. அடித்திருந்தாலும் வாசிக்க வீட்டில் ஆள் இருந்திருக்காது. அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சாதி பார்த்து நிலத்தில் இருத்தினார்கள். இரண்டாம் நாளே எழும்பி வந்துவிட்டார், பிறகு போகவில்லை. அம்மா பள்ளிக்கூடப் படலையைக்கூடத் தாண்டியதில்லை. அந்த அப்பா, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று, கை கழுவிவிட்டு வந்து நின்று, "உன்ர அம்மாவுக்குக் கல்வெட்டு அடிக்கவேணும், பிள்ளை," என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏனென்றால் என் பாடத்தில் இருந்த கதையும் அதுதான். செத்தவன் மறு உலகத்துக்குப் போகும் வழியைச் சொல்லும் மந்திரங்கள் எகிப்தில் முதலில் அரச குடும்பத்தின் பிரமிட்டுகளுக்கு உள்ளே மட்டும்தான் வெட்டப்பட்டன. சில நூற்றாண்டு கழித்து அவை அதிகாரிகளின் சவப்பெட்டிகளில் வந்தன. அதற்கும் பிறகு, பப்பைரஸ் சுருளில் எழுதி, வாங்கக்கூடிய யாருக்கும் விற்றார்கள். முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்த சுருள்களும் உண்டு. வாங்குகிறவனின் பெயரை அந்த இடத்தில் எழுதினால் மறு உலகம் அவனுடையது. அரசனிடமிருந்து கீழே இறங்கிவர அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

உறைக்குள் இருந்தது அச்சுக்கு முன் பார்ப்பதற்கான மாதிரி. சரி என்று சொன்னால் மறுநாளே அடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்பா குசினியிலிருந்து வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு லட்சணமா இருக்கிறா, பார்."

"இது அம்மா இல்லை, அப்பா."

"ஏன் இல்லை? கண்ணைப் பார்."

"கண்ணை விட்டிட்டு மற்றதைப் பாருங்கோ. இந்தச் சேலை அம்மாட்டை இருந்ததோ? இந்த அட்டியல் இருந்ததோ?"

"இருந்திருக்கவேணும்," என்றார் அப்பா.

அம்மாவின் தாலிக்கொடியை விற்றுத்தான் நாங்கள் மூன்று பேரும் கொழும்பிலிருந்து புறப்பட்டோம். கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தபோது அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பிறகு ஒரு கொடி செய்வோம், செய்வோம் என்று பன்னிரண்டு வருசம் போயிற்று.

எசனுக்கு நாங்கள் அனுப்பிய படம் வேறு. சுரங்க ரயில் நிலையத்தில் நாணயம் போட்டால் நாலு படம் எடுத்துத் தரும் பெட்டி இருந்ததே, அதில் எடுத்தது. வேலைக்கான அடையாள அட்டைக்கு அவசரமாகக் கேட்டார்கள் என்று அம்மா வேலைச்சட்டையோடேயே போய் இருந்து எடுத்தார். நீலச் சட்டை, இடது பக்கம் ஒரு பை, பையில் பேனை மாதிரி எதுவோ. பெட்டிக்குள் வெளிச்சம் அடித்தபோது சிரிப்பு வந்திருக்கவேண்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார், கண் சிரிக்கிறது. கறுப்பான நெற்றி வெளிச்சத்தில் மினுங்குகிறது. நாலில் ஒன்று அட்டைக்குப் போயிற்று. மிஞ்சிய மூன்றும், அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த பழைய படம் ஒன்றும்தான் வீட்டில் இருந்தன. ஊரில் எடுத்த கலியாணப் படம், வீட்டை விட்டு ஓடிய நாளில் வீட்டோடு போனது.

"நகை போட்டது இருக்கட்டும். நிறத்தை ஏன் மாத்தினவை? நீங்களோ சொன்னனீங்கள்?"

அப்பா யன்னல் பக்கம் பார்த்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. அவர் செய்திருக்கிறார். நல்லாத்தானே இருக்கு."

"அம்மா கறுப்பு, அப்பா."

"தெரியும். நீ எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை." அவர் குரல் உயர்ந்தது. "கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்ர ஆக்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நீ கேட்டிருக்கிறியோ? கறுப்பி. கறுப்பி வாறாள், கறுப்பி போறாள். உன்ர மாமி லண்டனிலயிருந்து ரெலிபோன் எடுத்தாலும் என்ன கேக்கிறவ? 'கறுப்பி என்ன செய்யிறாள்?' இந்தப் புத்தகம் அவையள் எல்லாற்றை வீட்டுக்கும் போகும். ஒருக்கால் வாயை மூடிப் பாக்கட்டும்."

மாமி என்றால் அப்பாவின் அக்கா. அந்தியேட்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அப்ப மாமிக்குப் பயந்துதான் அம்மாவை மாத்திறீங்கள்."

"பயமில்லை!"

"பயம்தான். செத்த பிறகும் அம்மாவைக் கறுப்பி எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயம். வெள்ளையாக்கினால் அவையள் சொன்னது சரி எண்டு நாங்களே கையெழுத்து வைச்சுக் குடுக்கிற மாதிரி."

அப்பா மேலங்கியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வேலைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

நான் எகிப்தைப் படிக்க வந்ததே அம்மாவால்தான். நகரத்தில் எகிப்தியப் பொருள்கள் வைத்திருந்த ஓர் அருங்காட்சியகத்தில் அம்மா சில வருசம் துப்புரவு செய்தார். பள்ளி விடுமுறையில் என்னைத் தனியே விட மனமில்லாமல், காலையில் கதவு திறப்பதற்கு முன்னான அந்த மூன்று மணித்தியாலத்துக்குக் கூட்டிப்போவார். எந்தப் பெட்டிக்கு முன்னால் சனம் கூடுதலாக நிற்கிறது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் மூக்கு அடையாளம் பார்த்துச் சொல்லுவார். "இந்தப் பூனைக்குத்தான் எல்லாரும் மூக்கை வைக்கினம். அந்தப் பெரிய ராசாவை ஒருதரும் தேடேல்லை, பாவம்."

பெட்டிகளில் ஒட்டியிருந்த ஜேர்மன் எழுத்தை நான் வாசித்து, தமிழில் சொல்லுவேன். பதின்மூன்று வயது எனக்கு. ஒரு பெட்டியில் விரல் நீளத்தில் சிறு பொம்மைகள் வரிசையாகக் கிடந்தன. செத்தவனோடு கல்லறைக்குள் வைப்பது. மறு உலகத்தில் வயல் வேலைக்கு அவனைக் கூப்பிட்டால் இந்தப் பொம்மை எழும்பி, 'இதோ இருக்கிறேன்' என்று சொல்லிப் போய் அவனுக்குப் பதிலாக வேலை செய்யும். சிலர் நாளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள், அவற்றை மேய்க்கத் தனியாக மேற்பார்வைப் பொம்மைகளும் வைத்தார்கள். இதைக் கேட்டு அம்மா துடைப்பதை நிறுத்தினார்.

"அங்கயும் ஒரு ஷெஃபின் நிக்கிறாவோ?"

மேற்பார்வைக்காரியை அம்மாவும் மற்றப் பெண்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். அம்மா சிரித்த சிரிப்பு அந்தக் கல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இன்னொரு மூலையில் ஒரு கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிலை. பழைய சாயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அவன் செம்பழுப்பு, அவள் மஞ்சள். எகிப்தியர் அப்படித்தான் தீட்டினார்கள்: ஆண் வெயிலில் திரிகிறவன், பெண் வீட்டுக்குள் இருக்கிறவள். உண்மையில் அவள் என்ன நிறம் என்பது பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கு அது அப்போது தெரியாது. அம்மா பார்த்த மாத்திரத்தில் சொன்னார்:

"இந்த மனிசி வேலைக்குப் போறேல்லைப் போல."

பிறகு பல்கலைக்கழகத்தில் அதையே ஒரு விரிவுரையில் அரை மணித்தியாலம் சொன்னார்கள். நான் குறிப்பு எழுதவில்லை.

அங்கே என்னோடு படித்த ஒருத்தி முதல் கிழமையே கேட்டாள், நான் ஏன் இந்தியவியல் படிக்கவில்லை, அது என் சொந்தப் பண்பாடு அல்லவா என்று. நீ எகிப்தில் பிறந்தவளா என்று திருப்பிக் கேட்டேன். அவள் ஹனோவரில் பிறந்தவள். எகிப்து அவளுக்கும் சொந்த ஊர் இல்லை, ஆனால் அவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. எங்கள் ஆட்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள். "செத்தவனைப் பற்றிப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது, பிள்ளை? உயிரோட இருக்கிறவனுக்கு மருந்து குடுக்கப் படிச்சிருக்கலாமே." இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குக் கூர்மையாகிவிட்டது.

அந்தக் கூர்மை அன்று உதவவில்லை. மாதிரியை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் படிப்பு அப்பாவின் பக்கம் போய் நின்றது. கல்லறைப் படம் ஒருவரின் சாயலைக் காட்ட வரைந்ததில்லை. அது அவர் அங்கே வாழப்போகும் உடம்பு. சுவரில் அப்பத்தை எழுதினால் அங்கே அப்பம் கிடைக்கும். சிலையின் வாயை உளியால் தொட்டுத் திறந்துவிட்டால் அது சாப்பிடும். நாங்களும் அம்மாவை எரிக்கக் கொடுப்பதற்கு முன், சவச்சாலைக்காரர் கைகட்டி ஒதுங்கி நிற்க, வாயில் அரிசி போட்டோம். அப்படியானால் கழுத்தில் எழுதிய தாலிக்கொடி அங்கே தாலிக்கொடிதான். மூட்டு வலியோடும் நீலச் சட்டையோடும் யார் என்றென்றைக்கும் இருக்க விரும்புவார்கள்? அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எகிப்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் எகிப்தியன் செய்ததைத்தான் செய்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் எனக்கு வேறொன்றும் தெரியும். அரசர்களின் கல்லறையைத் தோண்டித் தீட்டிய தொழிலாளர் தங்களுக்கும் சிறிய கல்லறைகள் தோண்டிக்கொண்டார்கள். அவற்றில் சிலதில் தாய் தகப்பனை நரைத்த தலையோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். பஞ்சு மாதிரி வெள்ளை முடி. கறுப்பு மை அவர்கள் கையில்தான் இருந்தது. அரச குடும்பத்தை நரையில்லாமல் தீட்டிப் பழகிய கைகள் அவை. தங்கள் வீட்டாரை அப்படியே விட்டார்கள்.

மறுநாள் காலை எசனுக்கு ரயில் ஏறினேன்.

அச்சகம் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்னறை. முன்னால் கறிவேப்பிலையும் பனங்கிழங்கு ஒடியலும் மணந்தன, பின்னால் மை மணந்தது. அச்சகக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஊரில் புகைப்பட நிலையம் வைத்திருந்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நெத்தியிலை இருக்கு."

"ஆ. பேர்லின் தங்கச்சியோ? ரெலிபோனிலை சொல்லியிருக்கலாமே. இதுக்காக இவ்வளவு தூரம் வந்தனீரோ?"

"இது என்ர அம்மா இல்லை எண்டு ரெலிபோனிலை சொன்னால் விளங்காது." மாதிரியையும், நாங்கள் அனுப்பியதைப் போலவே மிஞ்சியிருந்த இன்னொரு படத்தையும் மேசையில் வைத்தேன். "இந்தச் சேலை ஆருடையது?"

அவர் வெட்கப்படவே இல்லை. மேசையின் கீழ் லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே தலையில்லாத உடம்புகள், கட்டுக்கட்டாக. அட்டையில் பெயர் எழுதிப் பிரித்து வைத்திருந்தார்: சுமங்கலி, வெள்ளைச்சேலை, கோட்டு, வேட்டி சால்வை.

"அரக்குச் சேலை என்ர மச்சாளின்ர கலியாணப் படம். அவ கனடாவிலை சுகமா இருக்கிறா. அவவின்ர உடம்பிலை இதுவரைக்கும் பதினாலு பேர் போயிட்டினம். அவவுக்குச் சொல்லிப்போடாதேயும்."

சண்டை பிடிக்கவென்று வந்தவள் சிரித்துவிட்டேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எகிப்தியரும் சவப்பெட்டியை முதலே செய்து, முகமும் எழுதி, பெயருக்கு இடம் விட்டுத் தயாராக வைத்திருந்தார்கள் என்றேன்.

"பாத்தீரோ! என்ர பெண்சாதி இதை ஏமாத்து எண்டு சொல்லுறவ. பிரமிட்டுக்காரன் செய்த தொழில் எண்டு இண்டைக்குப் போய்ச் சொல்லுறன்."

"அது சரி அண்ணை. அம்மாவின்ர முகத்தை ஏன் வெள்ளையாக்கினீங்கள்?"

"நான் எங்க ஆக்கினன்? மச்சாளின்ர கழுத்து வெள்ளை. கழுத்துக்குத் தக்கன முகம் வரவேணுமே. இல்லாட்டி அம்மா ரெண்டு நிறத்திலை நிப்பா."

"அப்ப முகத்தை விட்டிட்டு, கறுத்த உடம்பு ஒண்டை எடுத்துப் போடுங்கோ."

அவர் உண்மையாகவே தேடினார். சுமங்கலிக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைச்சேலைக் கட்டையும் அவிழ்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லைத் தங்கச்சி. கறுத்த உடம்பு என்னட்டை ஒண்டும் இல்லை."

"எங்கட சனத்திலை கறுத்த பொம்பிளையள் சாகிறேல்லையோ?"

"சாகினம். இஞ்ச வந்து வெள்ளையாப் போயினம்." சொல்லிவிட்டு, அவிழ்த்த கட்டுகளை மறுபடி கட்டினார். "ஆறு வருசமா அடிக்கிறன். கொஞ்சம் வெளுப்பா விடுங்கோ எண்டுதான் எல்லாரும் கேட்டவை. கறுப்பாக்கச் சொல்லி ஒருதரும் வரேல்லை."

"நான் வந்திருக்கிறன்."

அவர் கணினியின் முன் இருந்து மச்சாளின் கழுத்தைக் கறுப்பாக்க முயன்றார். முதலில் சாம்பல் பூத்தது. பிறகு பச்சை அடித்தது. மூன்றாம் முறை அடுப்புப் புகை பிடித்த சுவர் மாதிரி வந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, அந்த அம்மாவுக்கு மஞ்சள்காமாலையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெளுப்பாக்கப் பழகிய கைக்குக் கறுப்பு வரவில்லை.

நான் மேசையில் கிடந்த சிறு படத்தைப் பார்த்தேன். அதில் கழுத்து இருந்தது. சட்டைக் கழுத்துப்பட்டிக்கு மேலே இரண்டு விரல் அளவு, நல்ல கறுப்பாக, அம்மாவின் கழுத்து.

ரோமர் ஆண்ட காலத்து எகிப்தில் செத்தவரின் முகத்தை மரப்பலகையில் எழுதி, சவத்தைச் சுற்றிய துணியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் செருகி வைத்தார்கள். கடைத்தெருவில் நேற்றுப் பார்த்த முகங்கள் போல இருக்கும்: கறுத்தவர், மாநிறத்தவர், ஒரு கண்ணில் பூ விழுந்த ஒருவர், உதட்டுக்கு மேல் பூனை மயிர் உள்ள ஒருத்தி. முகத்தைத் தொடாமல் அப்படியே விட்டு, மேலே பொன் தகட்டை ஒட்டினார்கள். தலையில் பொன் மாலை, கழுத்தில் பொன். சில பலகைகளில் பார்த்தால் பொன் பிறகு வைத்தது என்று தெரியும்.

"அண்ணை, மச்சாளை விடுங்கோ. இந்தப் படத்தையே பெருப்பிச்சுப் போடுங்கோ. சட்டையோட."

"வேலைச்சட்டையோடயோ?"

"ஓம். தாலிக்கொடியையும் அட்டியலையும் மட்டும் இதுக்கு மேல வையுங்கோ. பொட்டையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சனம் சிரிக்கும், தங்கச்சி."

"சிரிக்கட்டும்."

"அப்பா?"

அதுதான் எனக்கும் பயமாக இருந்தது. அச்சகக்காரரின் தொலைபேசியை வாங்கி அப்பாவின் உணவகத்துக்கு அழைப்பு எடுத்தேன். அப்பா வந்து பேசியபோது பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. விசயத்தைச் சொன்னேன்.

"கோப்பை கழுவுறவன்ர பெண்சாதி கூட்டித் துடைக்கிறவள் எண்டு உலகத்துக்கு அடிச்சுக் காட்டப்போறியோ?"

"ஓம், அப்பா."

"நீ படிச்சனி. உனக்கு வெக்கமில்லை. படிச்ச ஆக்களுக்கு இதெல்லாம் ஒரு பகிடி. எங்களுக்கு அப்பிடி ஏலாது, பிள்ளை."

அது சரியான இடத்தில் பட்டது. என் தலை நிமிர்வுக்கு யார் முதுகு வளைந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்க அன்று வாய் வரவில்லை.

"பகிடி இல்லை அப்பா. அந்தச் சட்டைதான் என்னைப் படிப்பிச்சது. அதைக் கழட்டி வேற ஆருடைய சேலையையோ உடுத்தி அனுப்ப என்னாலை ஏலாது. நீங்கள் வேண்டாம் எண்டால் இந்தக் கல்வெட்டிலை 'மகள் புலம்பல்' வேண்டாம். என்ர பேரையும் எடுத்துவிடட்டும்."

அச்சகக்காரர் கையை ஆட்டி, அப்படிச் சொல்லாதே என்று சைகை செய்தார். நான் திரும்பிக்கொண்டேன்.

பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அப்பா கேட்டார்: "தாலி?"

"தாலி இருக்கும்."

"தாலி இல்லாமல் அவளை அனுப்ப ஏலாது."

"தாலியும் இருக்கும், அட்டியலும் இருக்கும். குங்குமமும்."

"சட்டைக்கு மேலயோ?"

"சட்டைக்கு மேல."

"செய்யிறதைச் செய்," என்று சொல்லி வைத்துவிட்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வரை அச்சகக்காரரின் பக்கத்தில் இருந்தேன். மச்சாளின் கழுத்திலிருந்து கொடியை நகம் நகமாக வெட்டியெடுத்து, நீலச் சட்டையின் மேல் வைத்தார். தொழில்காரர்தான். கொடி சட்டையின் மடிப்பில் விழுந்து வளையும் இடத்தில் சிறு நிழல் ஒன்றும் போட்டார், நான் கேட்காமலே. செய்யுளில் 'பொன்னிற மேனியாள்' என்று ஓர் அடி இருந்தது. எல்லாச் சுமங்கலிகளுக்கும் அதே அடிதான். அதை மாற்றச் சொன்னேன். செய்யுள் உடைந்துபோகும் என்று தொடங்கியவர், விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்து, "கருநிற மேனியாள்... அட, நிக்குதே," என்றார். வரலாற்றில் 'இல்லத்தரசி' என்று இருந்த இடத்தில், பேர்லினில் பன்னிரண்டு வருசம் துப்புரவுத் தொழில் செய்தார் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

வெளுத்த மாதிரியைக் கிழித்துப்போடவென்று வீட்டுக்கு வந்ததும் தேடினேன். மேசையில் இல்லை. அப்பா எடுத்திருக்கவேண்டும்.

புத்தகக் கட்டுகள் முப்பதாம் நாள் வந்தன. அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். வாசிக்கத் தெரியாதவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியில் அட்டைக்குத் திரும்பி வந்து, பெருவிரலால் சட்டைப்பையைத் தொட்டார். "இதிலை என்ன வைச்சிருக்கிறா? பேனையோ?" என்றார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்தார்.

அந்தியேட்டிக்கு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தை எடுத்திருந்தோம். ஐயர் கிரியைகளை முடித்தார். சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டைக் கொடுப்பது வழக்கம். நான் கொடுப்பதாகத்தான் இருந்தது. அப்பா கட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே வரிசைக்கு வரிசை போனார். அம்மாவோடு வேலை செய்த பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் ஒருத்தி சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்தி அழத் தொடங்கினாள். வேறு சிலர் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், புத்தகத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நான் சுவரோடு நின்று ஒவ்வொரு முகமாகக் கவனித்தேன். கவிழ்த்து வைத்தவர்களை இன்றைக்கும் எனக்கு அடையாளம் தெரியும்.

முன் வரிசையில் மாமி இருந்தார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். அட்டையைக் கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி," என்றார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "அச்சு நல்லாக் கறுத்துப்போச்சு. எசன்காரன் மையைக் கூடுதலா விட்டிட்டான் போல."

நான் சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்தேன். பதில் நாக்கின் நுனியில் இருந்தது.

"இல்லை அக்கா," என்றார் அப்பா. "அச்சு சரியாத்தான் விழுந்திருக்கு."

கையில் மிஞ்சியிருந்ததில் பாதியைப் பிரித்து மாமியின் மடியில் வைத்தார்.

"லண்டனிலை எங்கட ஆக்களுக்கும் குடுங்கோ. ஒருதரையும் விடாதேங்கோ."